பர்ன்-அவுட்: வகுப்பு எடுப்பதற்கு முன் டியூட்டி சார்ட்டைப் பாருங்கள்

30 படுக்கை வார்டுக்கு இன்சார்ஜ் நர்ஸாக இருக்கிறீர்கள். 6 மாதத்தில் 4 பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்களுக்கு 2 மணி நேரம் ‘மன உறுதிப் பயிற்சி’ நடத்தச் சொல்லி நிர்வாகம் உங்களிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கிறது. அதில் தியானம் வைக்கலாமா, மூச்சுப் பயிற்சி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், “இன்னும் இரண்டு பேர் போனால் என்னால் சமாளிக்க முடியாது” என்று எழுதியிருக்கிறீர்களே, கேள்வி அங்கேதான் இருக்கிறது. கையில் இருக்கும் கொஞ்ச அதிகாரத்தை வைத்துக்கொண்டு, இருப்பவர்கள் ஓய்ந்து விழாமல் காப்பது எப்படி என்று கேட்கிறீர்கள். கணிசமான அளவுக்குச் செய்ய முடியும். அதில் வகுப்புக்கு உள்ள பங்கு சிறியது. டியூட்டி சார்ட்டுக்கும் இடைவேளைக்கும் உள்ள பங்கு பெரியது. எதை உறுதியாகச் சொல்லலாம், எதைத் தயக்கத்தோடுதான் சொல்ல முடியும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் பர்ன்-அவுட்டை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை; சமாளிக்கப்படாமல் தொடரும் வேலை நெருக்கடியால் வரும் நிலை என்றே வரையறுத்தது. அதற்கு மூன்று முகங்கள். ஒன்று, தூங்கி எழுந்தாலும் தீராத சோர்வு. இரண்டு, வேலையிலிருந்தும் நோயாளிகளிடமிருந்தும் மனம் விலகிப்போவது. மூன்று, என்ன செய்தும் உருப்படியாக ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம். வார்டில் இரண்டாவதுதான் முதலில் கண்ணில் படும். ஒரு நர்ஸ் முன்பெல்லாம் நோயாளியின் மகளிடம் நின்று பேசி, எந்த மாத்திரை எதற்கு என்று சொல்லியிருப்பார். இப்போது நடந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் பதில் சொல்கிறார். ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவரில் சந்தேகம் கேட்பவர் கேட்பதை நிறுத்திவிட்டார். ஒருவருடைய சுபாவத்தில் வந்த இந்த மாற்றத்தைக் கவனியுங்கள். பிறவியிலேயே குறைவாகப் பேசுபவரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மன உறுதி குறைவாக இருப்பதால்தான் இவர்கள் தளர்கிறார்கள் என்ற கருத்தை நிர்வாகம் அடிக்கடி சொல்லும். அமெரிக்க மருத்துவர்களிடம் நடத்தி 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு நேர் எதிராக இருக்கிறது. மற்ற துறைகளில் வேலை செய்பவர்களைவிட மருத்துவர்களுக்கு மன உறுதி மதிப்பெண் சராசரியாக அதிகமாகவே இருந்தது. அதைவிட முக்கியம், அந்த அளவுகோலில் வாங்கக்கூடிய முழு மதிப்பெண்ணையும் வாங்கியவர்களிலேயே 29 சதவீதம் பேருக்குப் பர்ன்-அவுட் இருந்தது. இரவு டியூட்டியும் மரணங்களும் நிறைந்த ஒரு தொழிலில் சில வருடம் தாக்குப்பிடித்தவருக்கு உறுதி இல்லை என்று சொல்வது நியாயமே இல்லை. குறைவது மீண்டு எழுவதற்கான நேரம்.

அதற்காகத் தனிநபர் பயிற்சிகள் வீண் என்று சொல்ல மாட்டேன். 2016-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்ப்பது), மருத்துவர்களிடம் தனிநபர் பயிற்சி, நிறுவன மாற்றம் என இரண்டு வகை முயற்சிகளையும் சேர்த்துப் பார்த்தது. பர்ன்-அவுட் 54 சதவீதத்திலிருந்து 44 ஆகக் குறைந்திருந்தது. மறு ஆண்டு வந்த இன்னொரு தொகுப்பாய்வில் பலன் பொதுவாகச் சிறியதுதான். ஆனால் வேலை நேரத்தையும் வேலை முறையையும் மாற்றியவை, தனிநபரை மட்டும் குறிவைத்தவற்றைவிட அதிகம் உதவின. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே. எந்த ஒரு பயிற்சியும் தனியாக நின்று பெரிய மாற்றம் கொண்டுவரும் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

எண்ணிக்கைகளையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘பாதிப் பேருக்குப் பர்ன்-அவுட்’ போன்ற தலைப்புகள் வந்துகொண்டே இருக்கும். 2018-இல் 182 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, மருத்துவர்களில் பர்ன்-அவுட் விகிதம் 0-விலிருந்து 80.5 சதவீதம் வரை இருந்தது. காரணம், பர்ன்-அவுட்டுக்கு அந்த ஆய்வுகள் குறைந்தது 142 விதமான வரையறைகளை வைத்திருந்தன. எனவே வேறு மருத்துவமனையின் எண்ணோடு உங்கள் வார்டை ஒப்பிடுவதில் பயனில்லை. உங்கள் வார்டை அதே கேள்வியால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளப்பதில் பயன் உண்டு. பர்ன்-அவுட்டை அளக்கப் பரவலாகப் பயன்படும் மாஸ்லாக் அளவுகோல் 22 கேள்வி கொண்டது, கட்டணமும் உண்டு. உங்களுக்கு இரண்டு கேள்வி போதும்: வேலையால் வற்றிப்போனதாக எவ்வளவு அடிக்கடி உணர்கிறீர்கள், நோயாளிகளிடம் மனம் மரத்துப்போனதாக எவ்வளவு அடிக்கடி உணர்கிறீர்கள். ‘ஒருபோதும் இல்லை’ முதல் ‘தினமும்’ வரை பதில் வையுங்கள். வாரத்துக்கு ஒரு முறையோ அதற்கு மேலோ என்று எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று மட்டும் எண்ணுங்கள். பெயர் கேட்காதீர்கள், கையெழுத்து தெரியும்படி எழுதச் சொல்லாதீர்கள், பத்துப் பேருக்குக் குறைந்த குழுவை ஷிஃப்ட் வாரியாகப் பிரித்துக் காட்டாதீர்கள். யார் எழுதியது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அடுத்த முறை உண்மையான பதில் வராது.

இனி டியூட்டி சார்ட். கையோடு இப்போதைய சார்ட்டை எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் நேராக, ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்தது தொடங்க எத்தனை மணி நேரம் என்று எழுதிப் பாருங்கள். 11 மணி நேரத்துக்குக் குறைவாக இருக்கும் இடங்களைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலை நேர விதி 24 மணி நேரத்தில் கேட்கும் குறைந்தபட்ச தொடர் ஓய்வு இதுதான். ஈவினிங் முடித்து மறுநாள் மார்னிங் வருவதுதான் பெரும்பாலும் மாட்டும். ஈவினிங் ஷிஃப்ட் இரவு 9 மணிக்கு முடிவதாகத் தாளில் இருக்கும். ஹேண்ட்ஓவரும் மிச்ச எழுத்து வேலையும் முடிந்து கிளம்ப 9:40 ஆகும். வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, மனம் அடங்கிப் படுக்க 12 ஆகும். காலை 7 மணி டியூட்டிக்கு 5:30-க்கு எழ வேண்டும். தாளில் 10 மணி நேரம் ஓய்வு, தூக்கமோ ஐந்தரை மணி நேரம். இந்தச் சேர்க்கையை மட்டும் நீக்கினாலே ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

ஷிஃப்ட் சுற்றும் திசை மார்னிங், ஈவினிங், நைட் என்று முன்னோக்கி இருக்கட்டும். தூங்கும் நேரம் தள்ளிப்போவது உடம்பின் கடிகாரத்துக்கு எளிது, முந்தி வருவது கடினம். தொடர்ச்சியாக மூன்று நைட்டுக்கு மேல் போட வேண்டாம். கடைசி நைட்டுக்குப் பிறகு 48 மணி நேரம் விடுங்கள். இங்கே பல சார்ட்டுகளில் உள்ள ஓர் அநியாயத்தைச் சொல்லியே ஆக வேண்டும்: நைட் முடித்துக் காலையில் இறங்கும் அந்த நாளையே ‘ஆஃப்’ என்று கணக்கு வைப்பது. அவர் அந்த நாளில் பாதியைத் தூங்கியே கழிப்பார். மறுநாள் திரும்பி வந்துவிடுவார். அதற்குப் பெயர் ஓய்வு நாள் இல்லை. நைட் முடிந்த நாளை ‘நைட் இறக்கம்’ என்றே எழுதுங்கள், ஆஃப் அதற்கு மறுநாள் தொடங்கட்டும். சார்ட்டை நான்கு வாரம் முன்னதாக ஒட்டுங்கள்; மாற்றிக்கொள்வதை இருவர் சம்மதத்தோடு அனுமதியுங்கள், 11 மணி நேர விதியை மீறாத வரை. சிலர் தொடர் நைட்டைத்தான் விரும்புவார்கள், வீட்டுச் சூழல் அப்படி இருக்கும்; அவர்களைக் கட்டாயப்படுத்திச் சுற்றவிட வேண்டாம்.

இதை நிர்வாகத்திடம் சொகுசாகக் கேட்காதீர்கள், நோயாளியின் பாதுகாப்பாகக் கேளுங்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவருக்கு இணையாக இறங்குகிறது என்று 1997-இல் அளந்து காட்டினார்கள். 2004-இல் ஐசியுவில் வேலை செய்த பயிற்சி மருத்துவர்களை வைத்து ஒப்பிட்டபோது, 24 மணி நேரத்துக்கு மேல் நீளும் டியூட்டி முறையில் கடுமையான மருத்துவப் பிழைகள் 36 சதவீதம் அதிகமாக நடந்தன. டபுள் டியூட்டி போடும்போது கையெழுத்திடுபவர் இதைத் தெரிந்துதான் கையெழுத்திட வேண்டும்.

அடுத்தது இடைவேளை. “போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க” என்று சொல்வது இடைவேளை ஆகாது; அவருடைய நோயாளிகளை யாராவது வாங்கிக்கொண்டால்தான் ஆகும். ஷிஃப்ட் தொடங்கும்போதே இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்து, பெயரையும் நேரத்தையும் போர்டில் எழுதுங்கள். கிளம்புகிறவர் ஜோடியிடம் இரண்டு நிமிடம் சொல்லட்டும்: எந்த ட்ரிப் எப்போது முடியும், யாருக்கு எந்த ரிப்போர்ட் வர வேண்டும், யார் மேல் கண் வைக்க வேண்டும். வார்டு போனும் சாவியும் கை மாறட்டும். 30 நிமிடம் வார்டுக்கு வெளியே இருக்க வேண்டும். நர்ஸிங் ஸ்டேஷனில் உட்கார்ந்து சாப்பிட்டால் உறவினர்கள் வந்து கேட்பார்கள், அவரும் எழுந்து போவார். முதல் வாரம் நீங்களே ஒரு ஜோடியில் நில்லுங்கள். இந்த ஏற்பாடு எங்கே உடையும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஆள் குறையும் முதல் நாளிலேயே இடைவேளைதான் முதலில் பலியாகும். இன்னொன்று, சீனியர் சாப்பிடப் போகாவிட்டால் ஜூனியர் போக மாட்டார். அதனால் ஆள் குறைந்த நாளுக்கு 15 நிமிடமாகச் சுருக்கிக்கொள்ளுங்கள், ரத்து செய்யாதீர்கள். போர்டில் சீனியரின் பெயரை முதலில் எழுதுங்கள்.

இரவில் அதிகாலை 3 முதல் 5 வரை உடம்பின் விழிப்பு மிகவும் தாழ்ந்திருக்கும். அதற்கு முன் 20 நிமிடத் தூக்கம் கிடைத்தால் உதவும். ஒரு மணி நேரம் படுத்து ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழுப்பப்படுவதைவிட 20 நிமிடமோ, நேரம் கிடைத்தால் ஒரு முழுத் தூக்கச் சுற்றாக 90 நிமிடமோ நல்லது. எழுந்தவுடன் 15 முதல் 30 நிமிடம் மூளை மந்தமாகவே இருக்கும். அந்த நேரத்தில் இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் போன்றவற்றின் அளவைக் கணக்கிட விடாதீர்கள், தவிர்க்க முடியாவிட்டால் இன்னொருவரும் சரிபார்க்கட்டும். காஃபினில் பாதி உடம்பிலிருந்து இறங்கவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். காலை 9 மணிக்குத் தூங்க நினைப்பவர் அதிகாலை 3-க்குப் பிறகு தொடாமல் இருப்பது நல்லது. நைட் முடித்துத் தானே வண்டி ஓட்டிப் போகிறவர்களிடம், கண் சொக்கினால் கிளம்பும் முன் 20 நிமிடம் படுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். அதற்கு ஓர் அறையைத் திறந்து வையுங்கள்.

இப்போது அந்த 2 மணி நேரத்துக்கு வரலாம். அரை மணி நேரம் மூச்சுப் பயிற்சிக்கும் தூக்க விவரங்களுக்கும் போதும். மீதியில் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நேற்றைய ஷிஃப்டில் உங்கள் நேரத்தைத் தின்றது எது? பதில்கள் பிரமாண்டமாக இருக்காது. மூன்று பிபி மெஷினில் ஒன்றுதான் வேலை செய்கிறது. ஒரே வைட்டல்ஸை (பிபி, நாடித்துடிப்பு, காய்ச்சல் போன்றவை) மூன்று ரெஜிஸ்டரில் எழுத வேண்டியிருக்கிறது. மருந்து அலமாரிச் சாவி யாரிடம் என்று ஒரு ஷிஃப்டில் பத்து முறை தேடுகிறோம். சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் நோயாளிக்கு இன்சுலின் போடப் போனவர் சாவிக்காக வார்டைச் சுற்றும் அந்த நான்கு நிமிடத்தில்தான், தன் வேலைக்கு இங்கே மதிப்பில்லை என்ற எண்ணம் ஊறுகிறது. மருத்துவர்கள் பக்கமும் இதே கதைதான். 2016-இல் அவர்களுடைய நேரத்தைக் கூடவே நின்று அளந்தபோது, நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கணினிப் பதிவிலும் மேஜை வேலையிலும் போனது. வந்த பதில்களை நாமே இந்த வாரம் மாற்றக்கூடியவை, நிர்வாகம் தர வேண்டியவை, இப்போது முடியாதவை என்று பிரியுங்கள். முதல் வகையில் ஒன்றே ஒன்றை எடுத்து இரண்டு வாரத்தில் முடித்து, முடிந்தது என்று போர்டில் எழுதுங்கள். பத்தை எடுத்து ஒன்றும் முடியாமல் போவது, கேட்காமலே இருந்ததைவிட மோசம். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாதவர்மேல் வரும் கசப்பு லேசில் போகாது. இந்தக் கூட்டத்தை டியூட்டி நேரத்திலேயே வையுங்கள். ஆஃப் நாளில் வரச் சொல்லி ஓய்வைப் பற்றிப் பாடம் எடுத்தால் அங்கேயே நம்பிக்கை போய்விடும்.

இத்தனையும் செய்தாலும் ஆள் பற்றாக்குறையை இவை ஈடுகட்டாது. அதை மூடி மறைக்க விரும்பவில்லை. 2002-இல் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில், ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடும்போது, அறுவைச் சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், நர்ஸுக்குப் பர்ன்-அவுட் வரும் வாய்ப்பு 23 சதவீதமும் கூடியது. இது சேர்ந்து காணப்பட்ட தொடர்பு. இதுதான் காரணம் என்று அந்த ஓர் ஆய்வு மட்டுமே நிரூபித்துவிடாது. ஆனாலும் நிர்வாகத்தின் முன் வைக்கத் தகுந்தது. அதோடு உங்கள் சொந்தக் கணக்கையும் வையுங்கள். நான்கு வாரம், ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஒரு வரி: எத்தனை நோயாளி, எத்தனை நர்ஸ், எத்தனை இடைவேளை தவறிப்போனது, எத்தனை மணி நேரம் கூடுதலாக இருந்தார்கள், நடந்த பிழையோ நூலிழையில் தப்பியதோ எத்தனை. புகாராகச் சொன்னதைத் தள்ளிவிடலாம். தேதி போட்ட பட்டியலைத் தள்ளுவது கடினம்.

வார்டில் பெரிய சம்பவம் நடந்தால், ஒரு குழந்தை இறந்தாலோ மருந்துப் பிழை நடந்தாலோ, எல்லோரையும் உட்காரவைத்து மனதில் உள்ளதைக் கொட்டச் சொல்லும் கட்டாயக் கூட்டம் வேண்டாம். ஒரே அமர்வில் முடிக்கும் அத்தகைய கூட்டங்கள் சம்பவத்துக்குப் பிந்தைய மனக்காயத்தைத் தடுப்பதற்குச் சான்று இல்லை. சிலருக்குக் கெடுதலாகவும் முடிந்திருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்தில் பாதிக்கப்பட்டவரை வேலையிலிருந்து இறக்கி, தண்ணீர் கொடுத்து, பேசச் சொல்லாமல் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேளுங்கள், தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். இரண்டு மூன்று நாளில் ஒரு முறை, இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு முறை நீங்களே பேசுங்கள். என்ன தவறு நடந்தது என்ற விசாரணையை வேறு நாளில், வேறு ஆள் நடத்தட்டும். ஆறுதல் சொல்பவரும் விளக்கம் கேட்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது. காட்சி திரும்பத் திரும்ப வருவதும் தூக்கம் கெடுவதும் ஒரு மாதம் தாண்டினால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும்.

வேறு ஒரு வகைத் துன்பமும் உண்டு. நோயாளிக்கு எது சரி என்று தெரியும், ஆனால் படுக்கை இல்லாததாலோ, மேலிருந்து வந்த உத்தரவாலோ, குடும்பத்தின் பிடிவாதத்தாலோ அதைச் செய்ய முடியாது. இந்த மன உறுத்தலுக்கு மூச்சுப் பயிற்சி மருந்தாகாது. மாதம் ஒரு முறை ஏறக்குறைய ஒரு மணி நேரம், டாக்டர், நர்ஸ், வார்டு உதவியாளர் எல்லோரும் உட்கார்ந்து ஒரே ஒரு கேஸைப் பற்றி, அது எங்களை எப்படிப் பாதித்தது என்று மட்டும் பேசும் வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ் அப்படி ஒன்று. கலந்துகொண்டவர்கள் பலன் இருப்பதாகச் சொல்கிறார்கள். பர்ன்-அவுட்டைக் குறைக்கிறதா என்பதற்கான சான்று இன்னும் வலுவாக இல்லை. நல்ல நெறியாளர் கிடைத்தால் நடத்துங்கள், கிடைக்காவிட்டால் காத்திருங்கள். யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் கூட்டமாக அது மாறினால் அடுத்த மாதம் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

தனிப்பட்ட முறையில் ஒவ்வொருவரிடமும் கேட்க ஒரு கேள்வி தருகிறேன்: இந்த வேலையில் உங்களுக்கு நிறைவு தருவது எது? ஒருவர் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என்பார், ஒருவர் காயக் கட்டு என்பார். மருத்துவக் கல்லூரி மருத்துவர்களிடம் 2009-இல் பார்த்தபோது, தமக்கு மிகவும் அர்த்தமுள்ள வேலையில் 20 சதவீத நேரத்துக்கும் குறைவாகச் செலவிட்டவர்களில் 53.8 சதவீதம் பேருக்குப் பர்ன்-அவுட். அதற்கு மேல் செலவிட்டவர்களில் 29.9. நர்ஸ்களுக்கு அதே எண்கள் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாரத்தில் ஒரு ஷிஃப்டில் அவருக்குப் பிடித்த பொறுப்பைக் கொடுப்பதற்குச் செலவே இல்லை.

பர்ன்-அவுட் என்று பேசும்போது மனச்சோர்வு நோயைத் தவறவிடும் ஆபத்து இருக்கிறது. அதுதான் எனக்கு மிகவும் கவலை. விடுமுறையிலும் எதிலும் மனம் ஒட்டவில்லை, பசி இல்லை, தான் ஒரு பாரம் என்று பேசுகிறார், இரண்டு வாரமாக இப்படியே என்றால் சார்ட்டை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது, சிகிச்சை வேண்டும். உங்கள் வேலை நோயைக் கண்டுபிடிப்பதல்ல, சிகிச்சையிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படாது. ஆம் என்றால் அந்த நிமிடத்திலிருந்து தனியாக விடாதீர்கள், மருந்து அலமாரிப் பொறுப்பிலிருந்து அமைதியாக மாற்றுங்கள், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவர் சிகிச்சை எடுப்பது பணிப் பதிவேட்டில் ஏறாது என்ற உறுதியை நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வைத்திருங்கள். வேலை போய்விடும் என்ற பயத்தில்தான் நம் ஆட்கள் கடைசிவரை மறைக்கிறார்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. ஆஃப் நாளிலும் வார்டு அழைப்புகளை எடுத்துக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். உங்களுக்கும் அதே 11 மணி நேரம்தான். நீங்கள் இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் ஆள் பற்றாக்குறையை யார் தீர்ப்பது, சாவி யாரிடம், டாக்டரை யார் கூப்பிடுவது என்று ஒரு பெயரைச் சார்ட்டின் கடைசி வரியில் எழுதுங்கள். அந்தப் பெயருக்கு உரியவரை இரண்டு ஷிஃப்ட் பக்கத்தில் வைத்துப் பழக்குங்கள். பிறகு ஆஃப் நாளில் போன் வந்தால் அவர் பெயரைச் சொல்லி வைத்துவிடுங்கள்.